எழுபது வளைவுகளும் ஒரு நரம்பும்

கொல்லிமலைக்குப் போகும் பேருந்தில் பாதிப் பேர் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் வயிற்றை என்ன செய்யும் என்பது நாமக்கல் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மூக்கடைப்போடு மலை ஏறுகிறவருக்கு வரும் தொல்லை வேறு. ஏறும்போது பெரும்பாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது. மேலே அறப்பளீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு, சோளக்காட்டுச் சந்தையில் மிளகும் பலாப்பழமும் வாங்கிக்கொண்டு, தெம்பாகத்தான் திரும்பி வண்டி ஏறுவார். இறங்கத் தொடங்கி முப்பது நாற்பது வளைவு போவதற்குள் கன்னத்தில் யாரோ விரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். புருவத்துக்கு மேலே குத்தும். மேல்வரிசைக் கடைவாய்ப்பற்கள் கூசும். காது அடைத்துக்கொள்ளும். சிலருக்குத் தாடையே இறுகிப்போனதாகத் தோன்றும். “மலைக் குளிர் ஒத்துக்கல, சைனஸ் கிளம்பிடுச்சு” என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார்.

குளிருக்கு இதில் பங்கு குறைவு. வேலையைக் காட்டுவது காற்றின் எடை. அடிவாரத்துக்கும் மலைமேல் உள்ள செம்மேட்டுக்கும் உயர வேறுபாடு ஏறக்குறைய 1,000 மீட்டர். இந்த உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 11 சதவீதம் குறைந்துவிடுகிறது. அழுத்தம் குறைந்தால் அடைபட்ட காற்று விரியும், கூடினால் சுருங்கும் என்று 1662இல் ராபர்ட் பாயில் சொன்ன விதியைப் பத்தாம் வகுப்பு தாண்டிய யாரும் படித்திருப்பார்கள். அது கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் காற்றுக்கு மட்டுமல்ல, நம் முகத்துக்குள் இருக்கும் காற்றுக்கும் பொருந்தும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

முக எலும்புகளுக்குள் சைனஸ் எனப்படும் நான்கு ஜோடிக் காற்றறைகள் உள்ளன. நெற்றியில் ஒரு ஜோடி, கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே தேன்கூட்டுச் சிற்றறைகளாக ஒரு ஜோடி, மூக்குக்குப் பின்னால் மண்டையின் அடியில் ஒரு ஜோடி, கன்னங்களில் ஒரு ஜோடி. கன்ன அறைதான் பெரியது. வளர்ந்தவர்களுக்கு ஒவ்வொன்றிலும் 15 மில்லிலிட்டர் அளவுக்குக் காற்று நிற்கும். எல்லா அறைகளும் மூக்குக்குள் திறப்பவை. ஆனால் திறக்கும் வழி சில மில்லிமீட்டர் அகலம்தான். சளிப்பிடித்தால் அந்த வழியைச் சுற்றியிருக்கும் சவ்வு வீங்கி மூடிக்கொள்கிறது.

மலை ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. 15 மில்லியில் ஏறக்குறைய 2 மில்லி வெளியேறியாக வேண்டும். வழி சற்று அடைத்திருந்தாலும் உள்ளிருந்து வரும் அழுத்தம் வீங்கிய சவ்வைத் தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும். இறங்கும்போது கதை தலைகீழ். வெளியே அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது, உள்ளே மலையுச்சியின் மெல்லிய காற்றுதான் இருக்கிறது. காற்று உள்ளே புக வேண்டிய நேரத்தில், அந்த இழுப்பே சவ்வையும் உள்ளிழுத்து வாயிலை இறுக்கி மூடுகிறது. முழுதாக அடைத்திருந்தால் அடிவாரம் வரும்போது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு பாதரச அளவில் 80 மில்லிமீட்டரைத் தாண்டும். அறையின் சுவர்ச் சவ்வில் இருக்கும் இரத்தக் குழாய்கள் உப்புகின்றன, நீர் கசிகிறது, நரம்பு நுனிகள் கத்துகின்றன. விமானம் தரையிறங்கும்போது சிலருக்கு நெற்றி வெடிப்பதுபோல் வலிப்பதும் இதனால்தான். விமானத்துக்குள் காற்றழுத்தத்தை 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் கொல்லிமலை இறக்கம் பாதி விமான இறக்கம்.

காது அடைப்புக்கும் இதே கணக்குத்தான், ஆனால் அங்கே தாடை நுழைகிறது. நடுக்காதிலிருந்து தொண்டைக்கு வரும் குழாய் சாதாரணமாக மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மென் அண்ணத்தில் உள்ள ஒரு சிறு தசை அதைத் திறக்கிறது. அந்தத் தசைக்குக் கட்டளை கொடுக்கும் நரம்பும், மெல்லும் தசைகளுக்குக் கட்டளை கொடுக்கும் நரம்பும் ஒன்றே. ஆக, இறக்கத்தில் பலாச் சிப்ஸைக் கொறித்துக்கொண்டு வரும் பையனுக்குக் காது வலிக்காமல் இருப்பதில் வியப்பில்லை. தூங்கிக்கொண்டே இறங்கும் பெரியவர்தான் கீழே வந்ததும் காதைக் குடைவார்.

இந்த மலை வலி சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். வருடக் கணக்கில் முகத்தோடு வாழும் சைனஸ் தொல்லைக்கு வேறு காரணங்கள் உண்டு. அதற்கு முதலில் கன்ன அறையின் கட்டுமானத்தைப் பார்க்க வேண்டும். இதைக் கட்டியவர் மேல் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு. வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி கட்டும் கொத்தனார் வடிகுழாயை அடியில் வைப்பார். கன்ன அறைக்கோ வடிகால் உச்சியில் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு, உள்ளே ஊறும் நீர் தானாக வடிய வழியே இல்லை. நாலு கால் விலங்கின் முகச் சாய்வுக்கு அது சரியான இடமாக இருந்திருக்கும். நாம் எழுந்து நின்றபோது வடிகாலை இடம் மாற்ற மறந்துவிட்டோம் என்று சிலர் விளக்குவதுண்டு.

அப்படியானால் சளி எப்படி வெளியேறுகிறது? அறையின் உட்சவ்வில் ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய 200 நுண்மயிர்கள் உண்டு. நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை அவை ஒரே திசையில் வீசிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் மேல் மெல்லிய சளிப்படலம் நிமிடத்துக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. தூசும் கிருமியும் ஒட்டிய படலம் சுவர் வழியாக மேலேறி, வாயிலைத் தாண்டி, மூக்கின் பின்பக்கமாகத் தொண்டைக்குள் இறங்கி, நமக்குத் தெரியாமலே வயிற்றுக்குப் போய்விடுகிறது. தினமும் ஒரு லிட்டர் வரை இப்படி விழுங்குகிறோம் என்று சொன்னால் முகம் சுளிப்பீர்கள். ஆனால் அதுதான் ஆரோக்கியம்.

நுண்மயிர்களின் பிடிவாதத்தை அறுவை மருத்துவர்கள் மிகத் தாமதமாகவே புரிந்துகொண்டார்கள். 1890களில் நியூயார்க்கில் ஜார்ஜ் கால்டுவெல், பாரிஸில் ஹென்றி லுக் என்ற இருவர் தனித்தனியே ஒரே முறையைக் கண்டார்கள்: மேலுதட்டைத் தூக்கிக் கன்ன எலும்பில் துளையிட்டு, அறையைச் சுரண்டி, கீழே ஒரு புது வடிகால் வைத்துவிடுவது. பொறியியல் கணக்குப்படி சரிதான். ஆனால் பலருக்குத் தொல்லை திரும்பி வந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் என்ற மருத்துவர் மூக்குக்குள் உள்நோக்கியைச் செலுத்திச் சளி போகும் பாதையைப் பொறுமையாகக் கவனித்தார். அடியில் பெரிய துளை இருந்தாலும் நுண்மயிர்கள் சளியை அதன் ஓரமாகச் சுற்றிக்கொண்டு மேலே உள்ள பழைய வாயிலுக்குத்தான் தள்ளிப்போகின்றன என்று கண்டார். 1978இல் அவருடைய நூல் ஆங்கிலத்தில் வந்தது. 1980களில் ஹைன்ஸ் ஸ்டாம்பெர்கரும் அமெரிக்காவில் டேவிட் கென்னடியும் அதை உலகெங்கும் பரப்பினார்கள். இன்று சென்னையிலும் சேலத்திலும் நடக்கும் எண்டோஸ்கோப்பி சைனஸ் அறுவை அந்தக் கவனிப்பில் பிறந்தது. புது வழி வெட்டுவதில்லை. பழைய வழியை அகலப்படுத்துகிறார்கள்.

தாடைக்கும் கன்ன அறைக்கும் இருக்கும் உறவு இன்னும் பழைய கதை. 1651இல் நத்தானியல் ஹைமோர் என்ற ஆங்கில மருத்துவர் தன் உடற்கூற்று நூலில் இந்த அறையை விவரித்தார். வெகுகாலம் மருத்துவ நூல்களில் இதற்கு அவர் பெயரே இருந்தது. அந்த நூலில் அவரிடம் வந்த ஒரு பெண்மணியைப் பற்றி எழுதுகிறார். மேல் கோரைப்பல்லைப் பிடுங்கியபோது அதோடு ஒரு சில்லு எலும்பும் வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் குழியிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. வெள்ளி ஊசியொன்றை உள்ளே விட்டுப் பார்த்தார் அந்த அம்மாள். அது போய்க்கொண்டே இருந்தது. பிறகு இறகின் தண்டை விட்டார்; அதுவும் முழுதாக உள்ளே போனது. மூளைக்கே போய்விட்டது என்று பயந்து ஹைமோரிடம் வந்தார். மூளை இல்லை அம்மா, இங்கே எல்லோருக்கும் ஒரு வெற்றறை உண்டு என்று அவர் விளக்க வேண்டியிருந்தது.

மேல்தாடையின் கடைவாய்ப்பற்களின் வேர்கள் கன்ன அறையின் தரையில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. பலருக்கு நடுவில் தாள் தடிமனுக்கு எலும்பு இருக்கும். சிலருக்கு அதுவும் இல்லாமல் வெறும் சவ்வு மட்டும். அந்தப் பற்களுக்குப் போகும் நரம்பு அறையின் சுவரில்தான் ஓடுகிறது. ஆகவே அறை வீங்கினால் பல் வலிக்கும். நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். பல மேல்பற்கள் சேர்ந்தாற்போல் கூசுவதும், குனிந்தால் அல்லது படியில் தொம்மென்று இறங்கினால் வலி கூடுவதும் அறையின் அடையாளம். ஒரே ஒரு பல், சூடோ குளிர்ச்சியோ பட்டால் வெட்டி இழுப்பதும், தட்டினால் உயிர் போவதும் பல்லின் அடையாளம்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். அதைத்தான் அதிகம் தவற விடுகிறார்கள். சொத்தையான கடைவாய்ப்பல்லின் வேர் நுனியில் கட்டும் சீழ் மெதுவாக மேலே உள்ள அறைக்குள் புகுந்துவிடும். பல்லின் நரம்பு செத்திருந்தால் பல் வலிக்கவே வலிக்காது. ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி, அதில் கெட்ட நாற்றம், எத்தனை மாத்திரை சாப்பிட்டாலும் திரும்பத் திரும்ப வருவது என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கும் அன்றே பல் மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும். நாள்பட்ட கன்ன அறை அழற்சியில் பத்தில் ஒன்றாவது பல்லிலிருந்து வருவது என்பது பழைய கணக்கு. ஒரு பக்கம் மட்டும் வருவதில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். பல்லைச் சரிசெய்யாமல் மூக்குக்கு மருந்து விட்டுக்கொண்டிருப்பது வீண் செலவு.

கீழ்த்தாடை வலிக்கு வருவோம். கன்ன அறைக்கும் கீழ்த்தாடைக்கும் நேரடி உறவு இல்லை. ஆனாலும் “சைனஸால தாடையெல்லாம் வலிக்குது” என்பது தினமும் கேட்கிற பேச்சு. முகம் முழுவதன் உணர்வையும் மூளைக்குக் கொண்டுபோவது ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு பெரிய நரம்பு. முக்கிளை நரம்பு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். நெற்றிக்கு ஒரு கிளை, கன்னத்துக்கும் மேல்பற்களுக்கும் ஒன்று, கீழ்த்தாடைக்கும் மெல்லும் தசைகளுக்கும் மூன்றாவது. மூன்றும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. வெகுநாள் வலித்தால் அங்கே இருக்கும் நரம்பணுக்கள் கூர்மையாகிவிடுகின்றன; ஒரு கிளையில் வந்த செய்தியை இன்னொரு கிளையின் செய்தியாகப் படிக்கத் தொடங்குகின்றன. வலிக்கிற இடமும் வலி பிறந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முக வலியில் நான் எல்லோரிடமும் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

ஒற்றைத்தலைவலி இதற்கு நல்ல உதாரணம். 2004இல் அமெரிக்காவில், தங்களுக்கு இருப்பது சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரை மருத்துவர்கள் முறையாக விசாரித்தார்கள். அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத்தலைவலி வகை. அந்தத் தலைவலி வரும்போதே மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வடியும், கன்னம் கனக்கும். அதே நரம்புச் சுற்று மூக்கின் சவ்வையும் தூண்டிவிடுவதால் வரும் குழப்பம் அது. வெயிலோ மழையோ மாறினாலும் வரும் என்பதால் சைனஸ் என்ற எண்ணம் இன்னும் உறுதிப்படும். வலியோடு குமட்டல், வெளிச்சம் பிடிக்காமை, நடந்தாலே கூடுவது, சில மணி நேரத்திலிருந்து மூன்று நாளில் அடங்குவது என்று இருந்தால் அதற்கு வேறு மருந்து உண்டு. வருடக் கணக்கில் ஆன்டிபயாட்டிக் தின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் உண்மையான நாள்பட்ட சைனஸ் அழற்சி எது? மருத்துவ வரையறை கறாரானது. 12 வாரங்களுக்கு மேல் விடாமல், மூக்கடைப்பு, சளி ஒழுகுதல், முகக் கனம், மணம் தெரியாமை என்ற நான்கில் இரண்டேனும் இருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்று அடைப்போ ஒழுகலோ ஆக இருக்க வேண்டும். உள்நோக்கியிலோ சிடி ஸ்கேனிலோ சான்றும் தெரிய வேண்டும். முக வலி மட்டும் இருந்து மூக்கு தெளிவாக இருந்தால் அது பெரும்பாலும் சைனஸ் இல்லை. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனிலும் மூன்றில் ஒருவருக்குச் சவ்வு சற்றுத் தடித்திருப்பது தெரியும். அந்த ஒரு வரி அறிக்கையை வைத்து அறுவைக்கு நாள் குறிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

தாடை தானாகவும் வலிக்கும். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலடியில் உருளுவதுதான் தாடை மூட்டு. அதற்குள் ஒரு சிறு குருத்தெலும்பு வட்டு வழுக்கிக்கொண்டிருக்கிறது. வட்டு இடம் பெயர்ந்தால் ‘டக்’ என்று சத்தம் வரும். வலி இல்லாத சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் வலி கூடுவது, காலையில் எழுந்ததும் கன்னமும் பொட்டும் கனப்பது, நடு மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைக்க முடியாமல் போவது எல்லாம் மூட்டையும் தசையையும் காட்டும் குறிகள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பது பெரிய காரணம். மூக்கடைத்தவர் வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, தூக்கம் கெட்டு, காலையில் தாடை இறுகி எழுவதும் உண்டு. சைனஸும் தாடையும் ஒருவரிடமே சேர்ந்து வருவது இப்படித்தான் பெரும்பாலும்: ஒன்று மற்றதை உண்டாக்கியிருக்காது, ஆனால் ஒன்று மற்றதைத் தூங்க விடாது. வெற்றிலை பாக்கு நாள் முழுக்க மெல்பவர்களுக்கு வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தால் அது வேறு நோய். பாக்கினால் வாயின் உட்சவ்வு நார்த்தன்மை அடைவது. புற்றுநோய்க்கு முந்திய நிலை. அதைச் சைனஸ் கணக்கில் சேர்த்துத் தள்ளிப்போடக் கூடாது.

தாடை மூட்டுக்கு முதல் வைத்தியம் ஓய்வு. சில வாரம் கடினமானதைக் கடிக்காமல் இருப்பது, வெந்நீர் ஒத்தடம், உதடு மூடியிருக்கும்போது பற்கள் ஒன்றையொன்று தொடாமல் வைத்துக்கொள்ளும் பழக்கம். தேவைப்பட்டால் பல் மருத்துவர் இரவில் மாட்டிக்கொள்ளும் தகடு செய்து தருவார். பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே தணிந்துவிடும். மென்மையான உணவுக்குக் கொல்லிமலைக்காரர் யாரிடமும் பாடம் கேட்க வேண்டாம். கேழ்வரகுக் களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாமைச் சோறும் மென்மையானதே.

மலையில் வழியோரக் கடைகளில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள். கிழங்கு என்கிறோமே தவிர, பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி ஒன்றின் தண்டு அது. மேலே ரோமம் மூடி ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். மூட்டு வலிக்கு நல்லது என்று குடிக்கிறார்கள். தாடையும் மூட்டுத்தானே என்று கேட்பவருக்கு என் பதில்: குடியுங்கள், ஆனால் சூடாகக் குடியுங்கள். 1978இல் அமெரிக்காவில் 15 பேருக்குச் சூடான கோழி சூப், வெந்நீர், குளிர்ந்த நீர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து மூக்குச் சளி நகரும் வேகத்தை அளந்தார்கள். கோழி சூப் குடித்தவர்களுக்கு அது நிமிடத்துக்கு 6.9 மில்லிமீட்டரிலிருந்து 9.2 ஆகக் கூடியது. வெந்நீரும் கூட்டியது. குளிர்ந்த நீர் குறைத்தது. சூடானவை கூட்டிய வேகம் அரை மணி நேரத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. நாட்டுக்கே கோழி வளர்த்துத் தரும் நாமக்கல் மாவட்டத்தில் இந்த ஆய்வு இன்னும் விளம்பரமாகாதது ஆச்சரியம்.

நொச்சி இலை போட்டு வேது பிடிப்பதைப் பற்றி ஊரில் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 871 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி சற்றுத் தணிந்தது, மற்ற சைனஸ் தொல்லைகளில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. உப்பு நீரால் மூக்கைக் கழுவியவர்களுக்கு ஓரளவு முன்னேற்றம் இருந்தது. அந்த ஆவியில் நொச்சி இல்லை என்று வாதிடலாம். இதமாக இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தையைப் போர்வைக்குள் கொதிக்கும் பாத்திரத்தோடு உட்கார வைக்க மட்டும் வேண்டாம், வெந்து போவது உண்டு. மஞ்சள் கொம்பைச் சுட்டு அந்தப் புகையை மூக்கில் இழுப்பதற்கு எதிராக நான் உறுதியாகவே சொல்வேன். எந்தப் புகையும் நுண்மயிர்களை மந்தமாக்கும்.

மலை வீடுகளில் உண்மையான எதிரியும் புகைதான். மார்கழி தையில் பனி இறங்கி ஈரம் வீட்டுக்குள் நிற்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு விறகடுப்பு எரித்தால், சமைக்கிற பெண்ணும் அடுப்போரம் குளிர் காயும் கிழவரும்தான் அதிகம் இழுக்கிறார்கள். 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் எரிவாயு வந்த வீட்டிலும் வெந்நீருக்கும் களிக்கும் விறகே எரிவது உண்டு. காட்டில் சுள்ளி இலவசம், உருளைக்குக் காசு. அடுப்புக்கு மேல் ஓட்டில் ஒரு புகைபோக்கி, மிளகு காயப்போட்டுத் தூற்றும்போது மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. இந்த இரண்டும் செய்வதை எந்த மாத்திரையும் செய்யாது.

உப்பு நீர் விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு டம்ளர், அதாவது 240 மில்லி வெதுவெதுப்பான நீர், அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூன், எரிச்சல் தணிய ஒரு சிட்டிகை ஆப்பசோடா. தலையைச் சாய்த்து ஒரு நாசியில் விட்டால் மறு நாசியில் வரும். யோகப் பயிற்சியில் ஜலநேதி என்பது இதுவே. ஆனால் நீர் கொதித்து ஆறியதாகத்தான் இருக்க வேண்டும். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய் நீரை அப்படியே மூக்கில் விட்ட இருவர், மூளையைத் தின்னும் அமீபாவால் இறந்தார்கள். அந்த அமீபாவால் கேரளத்திலும் அண்மை ஆண்டுகளில் உயிர்கள் போயிருக்கின்றன. வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாத கிருமி அது. மூக்கு வழியாகப் போனால் மட்டும் எமன். மலையின் சுனை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மூக்குக்குக் கொதிக்க வைத்தே எடுக்க வேண்டும். செம்மேட்டு உயரத்தில் நீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனாலும் குமிழியடித்து ஒரு நிமிடம் கொதித்தால் போதும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்து இரண்டு நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். மலை இறங்குவதற்கு அரை மணி முன்னால் ஒரு முறை விட்டுக்கொள்ள அது நல்ல மருந்து. ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால், மருந்து இறங்கும்போது சவ்வு முன்னைவிட அதிகம் வீங்கும். மறுபடி விடத் தோன்றும். பிறகு அந்தச் சொட்டே நோயாகிவிடும். ஸ்டீராய்டு ஸ்பிரே இதற்கு நேர்மாறு. அடித்த அன்று ஒன்றும் தெரியாது, வாரக் கணக்கில் அடித்தால்தான் சவ்வு வற்றும். பலர் நாலு நாளில் ‘வேலை செய்யவில்லை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். அடிக்கும் விதமும் தவறு. வலது நாசிக்கு இடது கை, இடது நாசிக்கு வலது கை. முனை நடுச் சுவரைப் பார்க்காமல் காதுப் பக்கம் பார்க்க வேண்டும். நடுச் சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் இரத்தம் கசியும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2021 கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை நோய் வந்தபோது, மே மாதம் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அந்த ஜூலைக்குள் நாடு முழுவதும் 45,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தார்கள். கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடலில், சைனஸில் இறங்கிய பூஞ்சை இரத்தக் குழாய்களை அடைத்து எலும்பைக் கருக்கியது. பலருக்கு மேல்தாடையையே எடுக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் அவர்கள் சொன்னது மேல்பல் வலி, பல் ஆட்டம், ஒரு பக்கக் கன்ன மரமரப்பு. அந்த அலை போய்விட்டது, சர்க்கரை போகவில்லை. இந்த மூன்றில் ஒன்று வந்தாலும், கண் வீங்கினாலும், பார்வை இரண்டாகத் தெரிந்தாலும், கழுத்து விறைத்துக் காய்ச்சல் அடித்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. 2022 ஜனவரியில் நாமக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மலைக்காரர்கள் சேலம் வரை போக வேண்டிய கட்டாயம் குறைந்திருக்கிறது.

கடைசியாக, கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவி. அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்குத்துப் படிகள். இறங்கும்போது யாருக்கும் பேச்சு குறைவதில்லை, ஏறும்போதுதான் ஆங்காங்கே உட்கார்ந்து விடுகிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், இருநூறு படி ஏறியதும் கீழ்த்தாடையில் கனமான வலி வருகிறது, நின்றால் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது, மறுபடி ஏறினால் வருகிறது என்றால், அருவியில் நனைந்ததால் சைனஸ் என்று அவர் மூக்கில் தைலம் தடவிக்கொண்டு உட்கார வேண்டாம். இதயத்திலிருந்து வரும் வலி நெஞ்சை விட்டுவிட்டுத் தாடையில் மட்டும் தெரிவது உண்டு. பெண்களிடமும் சர்க்கரை உள்ளவர்களிடமும் இப்படி வருவதை அதிகம் பார்க்கிறார்கள். அவர் படியேறுவதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்; கூட வந்தவர்கள் அவரைத் தூக்கி மேலே கொண்டுவர வேண்டும். வந்ததும் முதலில் எடுக்க வேண்டியது ஈசிஜி. பல் மருத்துவரும் மூக்கு மருத்துவரும் அதற்குப் பிறகு.